சதுப்புநிலப் படத்துக்குச் சன்போர்டு எதற்கு?

போன மாதம் தென்சென்னையில் ஒரு சின்ன கண்காட்சியைக் கழற்றினோம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றிய புகைப்படங்கள். பூநாரை, நீலத் தாழைக்கோழி, நாணல் புதர். படங்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 32 படமும் வினைல் தாளில் அச்சடித்து, சன்போர்டு என்கிற 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பலகையில் ஒட்டியவை. வாசலில் இரண்டு ஃப்ளெக்ஸ் வேறு. இதையெல்லாம் என்ன செய்வது என்று கண்காட்சி நடத்தியவர்களிடம் கேட்டேன். "டிஸ்போஸ் பண்ணிடுங்க சார், வைக்க இடமில்லை" என்றார்கள்.

தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்குப் போகும். பெருங்குடிக் குப்பைமேடு இருப்பதே அந்தச் சதுப்புநிலத்தில்தான். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்ததே, அதே நிலம். பத்து நாள் சுவரில் மாட்டிய பூநாரையை, நிஜப் பூநாரை வந்து நிற்கிற இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமாம்.

இது முதல் தடவையாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். கடல், காடு, பருவநிலை என்று வருகிற கண்காட்சிகளில்தான் பிளாஸ்டிக் அதிகமாகக் கழற்றுகிறேன்.

கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு: "எக்கோ சால்வென்ட் பிரிண்ட்தான் சார் போட்டோம்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எக்கோ சால்வென்ட் என்பது மையின் பெயர். பழைய சால்வென்ட் மையைவிட நெடி குறைவு, அச்சடிக்கிறவருக்குக் கொஞ்சம் நல்லது. அவ்வளவுதான். அந்த மை விழுகிற வினைல், பிவிசி என்கிற பிளாஸ்டிக். அதை ஒட்டுகிற சன்போர்டு நுரைத்த பிவிசி. வாசலில் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பாலியஸ்டர் வலைமேல் ஏற்றிய பிவிசி. மையின் பெயரில் 'எக்கோ' இருந்தால் பலகை மக்கிவிடுமா? பச்சை பெயின்ட் அடித்த லாரி புகை விடாதா?

சரி, ரீசைக்கிள்? ஒட்டிய வினைலையும் பசையையும் பலகையிலிருந்து யார் உட்கார்ந்து உரிப்பது? காயலான் கடையில் கேட்டுப் பார்த்துவிட்டேன். அட்டையென்றால் கொண்டுவா, இது வேண்டாம் என்கிறார். கொளுத்தலாம் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், டயாக்சினும் வரும். இரண்டும் நச்சு.

வேறு வழி இல்லாமல் இல்லை. படங்களை நல்ல காகிதத்தில் அச்சடித்து, ஒரே அளவு ஃப்ரேமில் போடுங்கள். ஒரே அளவாக இருந்தால் அடுத்த கண்காட்சிக்குப் படத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆளுக்கொரு அளவில் ஃப்ரேம் கேட்கிற கலைஞர்களோடு நான் போட்ட சண்டைகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும். வாசலுக்குக் காடாத்துணி. சுவரில் வர வேண்டிய எழுத்துக்கு போர்டு எழுதும் ஓவியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் ஒரு கோட் சுண்ணாம்பு அடித்தால் தீர்ந்தது. தடுப்புச் சுவருக்கு ப்ளைவுட்டில் ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போட்டால் அதே பலகை பல தடவை வரும். இன்னும் 50 வாட் ஹாலஜன் விளக்கு வைத்திருப்பவர்கள் 7 வாட் எல்இடிக்கு மாறுங்கள். ஏசியின் சுமையும் குறையும்.

ஏசி என்றதும் இன்னொன்று. பகலில் 18 டிகிரி, ராத்திரி பூட்டும்போது ஆஃப். இதைவிட மோசமான பழக்கம் இல்லை. மின்சாரமும் வீண், காகிதமும் நெளிந்துவிடும். உலகின் பெரிய அருங்காட்சியகங்களே, அவற்றின் இயக்குநர்கள் கூடுகிற பிசோ குழுவின் நெறிமுறைப்படி 16 முதல் 25 டிகிரி வரை, ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரை போதும் என்று ஒப்புக்கொண்டுவிட்டன. உங்கள் கேலரிக்கு 18 எதற்கு? 24இல் வைத்து, ஈரப்பதம் நாளுக்கு நாள் எகிறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முக்கியமாக, கழற்றுகிற நாளைப் பற்றி முதல் மீட்டிங்கிலேயே பேசுங்கள். திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி என்னிடம் வந்து "ஏதாவது எக்கோவா பண்ண முடியுமா?" என்று கேட்டால், நான் என்ன செய்வேன்?

அந்த 32 பலகையும் இப்போது என் கிடங்கில்தான் இருக்கின்றன. கொட்ட மனசு வரவில்லை. மாடித் தோட்டத்துக்கோ கோழிக் கூண்டுக்கோ வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆட்டோ வாடகை மட்டும் உங்களுடையது.