நிறச்சாயலா, வண்ண வார்ப்பா?

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பிரிண்ட் எடுத்தால் நரைமுடியில் பச்சையோ வானத்தில் இளஞ்சிவப்போ லேசாகத் தட்டும். ஆங்கிலத்தில் இதைக் ‘கலர் காஸ்ட்’ என்பார்கள். தமிழாக்கங்களில் இது ‘வண்ண வார்ப்பு’ ஆகிவிடுகிறது. ‘வண்ண வார்ப்பை அகற்றவும்’ என்ற வரியை இன்னொரு முறை படிக்கப் பொறுமை இல்லை.

‘காஸ்ட்’ பழைய நார்ஸ் மொழியின் ‘கஸ்டா’விலிருந்து வந்தது, எறிதல் என்று பொருள். அதிலிருந்து வலை வீசுவது, உலோகத்தை அச்சில் ஊற்றுவது, நடிகர்களுக்கு வேடம் பிரிப்பது, ஒன்றின்மேல் மெல்லப் படியும் நிறம் எனப் பல பொருள்கள் கிளைத்தன. மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் கண்ட உலோகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தமிழில் வார்ப்பது என்றால் ஊற்றுவது. தோசை வார்க்கிறோம், வார்ப்பிரும்பு என்கிறோம். அச்சுத்தொழிலிலோ ‘எழுத்து வார்ப்பு’ என்பது ஈயத்தை உருக்கி எழுத்துகள் செய்ததைக் குறித்த பழைய சொல். அதே துறையில் ‘வண்ண வார்ப்பு’ என்று எழுதினால், மை கூடுதலாகக் கொட்டிவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். மை கொட்டுவதால் வருகிற கோளாறே அல்ல இது. பெரும்பாலான பிரிண்டர்கள் சாம்பல் நிறத்தைக் கறுப்பு மையால் மட்டும் போடுவதில்லை. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் கலந்து போடுகின்றன. அந்த மூன்றின் சமநிலை இம்மி பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். நான்கு மை பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு, நிறத்துகள் மிதக்கும் நிறமி மை; மற்றவை, நிறம் கரைந்திருக்கும் சாய மை. பளபளப்புத் தாள் என்று தேர்ந்தெடுத்தால் கறுப்பு மை ஒதுங்கிக்கொள்ளும். கறுப்பே மூன்று நிறக் கலவையாகிவிடும்.

இதற்கு ‘நிறச்சாயல்’ பொருந்தும். ‘சாயல் மென்மை’ என்கிறது தொல்காப்பிய உரியியல். இன்று ‘பிள்ளைக்கு அப்பா சாயல்’ என்கிறோம். அப்பாவேதான் என்பதில்லை, லேசாக ஒட்டியிருக்கிறது. சாம்பலில் பச்சை ஒட்டியிருப்பதும் அவ்வளவுதான். சொட்டு நீலம் கூடிப்போன வேட்டியைப் பார்த்தவருக்கு நீலச்சாயல் என்றால் விளக்கவே வேண்டாம். ‘நிறச்சாய்வு’ என்பாரும் உண்டு. சாய்வு என்றால் சரிவு. ஒரு நிறம் இன்னொன்றாகப் படிப்படியாக மாறுவதற்கு அதை விட்டுவைக்க வேண்டும். ‘நிறச்சாயம்’ என்பது வெறும் கவனக்குறைவு: சாயம் துணியில் ஏற்றும் பொருள், சாயல் கண்ணில் படும் தன்மை. ‘நிறம்’ இருக்க ‘வண்ணம்’ எதற்கு என்பதும் என் கட்சி. வினையாகச் சொல்வதானால் ‘பச்சை தட்டுகிறது’ போதும். பேச்சில் இருக்கும் இந்தச் சொல்லைத் தமிழாக்குபவர்கள் ஏன் தொடுவதே இல்லை?

சொல் சரியாக இருந்தால் கேள்வியும் சரியாக வரும்: எந்தச் சாயல்? பச்சை என்றால் மெஜந்தா குறைகிறது, நீலம் என்றால் மஞ்சள், சிவப்பு என்றால் சயான். முதலில் நாசில் செக் தாள் (மைத்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) எடுத்துக் கோடுகள் அறுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அறுந்திருந்தால் ஹெட் கிளீனிங், அதாவது அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யும் வசதி. பிறகு நிற மேலாண்மை, அதாவது நிறத்தைத் திருத்துவது எது என்பது. படத்தைத் திறக்கும் மென்பொருளும் டிரைவரும் (பிரிண்டரை இயக்கும் கணினி நிரல்) இரண்டுமே நிறத்தைத் திருத்தினால் சாயல் இரட்டிப்பாகும்; ஒன்றில் அணைத்துவிடுங்கள். டிரைவரில் கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை அச்சு) இருந்தால் அதைப் போடுங்கள். கறுப்பு மையை மட்டும் பயன்படுத்தினால் சாயல் பெரும்பாலும் போய்விடும். ஆனால் வெளிர்ப் பகுதிகளில் மைப்புள்ளிகள் மணல்போலத் தெரியும்.

அதற்கும் மசியாவிட்டால் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகள் உள்ள சாம்பல் பட்டை ஒன்றை அச்சிட்டு, டிரைவரின் நிறச் சமன் அளவை எதிர்நிறப் பக்கம் (பச்சைச் சாயலுக்கு மெஜந்தா) 5 அலகு நகர்த்தி, மறுபடி அச்சிடுங்கள். சாய மை காய ஒருநாள் விடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் நிலைக்காது. சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் சாம்பலாகவும் டியூப்லைட்டில் பச்சையாகவும் தெரியும் படம் இன்னொரு வகைக் கோளாறு: விளக்குக்கு விளக்கு மாறும் சாயல். இதற்கு டிரைவர் அளவுகளை நகர்த்திப் பயனில்லை. நிற மைகளின் பங்கைக் குறைத்துக் கறுப்பின் பங்கைக் கூட்ட வேண்டும். அங்கேயும் ‘வார்ப்பு’ என்று எழுதிவைத்தால் எதை ஊற்றுவது, எதில் ஊற்றுவது?