பிரேக் ஹோஸுக்குள் ஒரு 54.7 பாகை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர் 2007இல் பதிவான சுசுகி ஜிம்னி வைத்திருக்கிறார். இங்கே கார் வைத்திருக்கத் தேவைப்படும் வாகன உரிமைச் சான்றிதழைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறார். விடுமுறைகளில் ஜொகூரின் செம்பனைத் தோட்டப் பாதைகளிலும், காஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகும் செம்மண் வழியிலும் அந்த வண்டி அலைகிறது. சில மாதங்களாக பிரேக் மிதி மெத்தென்று இறங்குகிறதாம். பட்டறையில் கேட்டால், “ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிவிட்டு எஃகுப் பின்னல் ஹோஸ் போடுங்கள், பிரேக் இரண்டு மடங்கு பிடிக்கும்” என்கிறார்கள். இது உண்மையா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

இரண்டு மடங்கு பிடிக்காது. ஆனால் மிதி இறுகும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று விளக்கப் போனால், இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த கோணம் ஒன்றில் வந்து நிற்போம்.

பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் நகர்கிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியே சக்கரங்களுக்குப் போய் பிரேக் பட்டைகளை நெருக்குகிறது. வண்டியின் சட்டத்தை ஒட்டி ஓடுபவை இரும்புக் குழாய்கள். சக்கரங்கள் மேலும் கீழும் ஆடுவதாலும் முன்சக்கரங்கள் திரும்புவதாலும் கடைசிச் சில அங்குலங்களுக்கு மட்டும் வளையும் ஹோஸ் தேவைப்படுகிறது. பலமாக பிரேக் அடிக்கும்போது அதற்குள் 70 பார் அழுத்தம் எளிதில் வந்துவிடும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 70 கிலோ எடை உட்காருவதற்கு அது சமம். வெறும் ரப்பர் குழாய் அதைத் தாங்காமல் பலூனாக ஊதிவிடும். அதனால்தான் ரப்பர் சுவருக்குள் இழைகளைப் பின்னி வைக்கிறார்கள்.

அந்த இழைகளை எந்தச் சாய்வில் பின்னுவது? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வாணலியில் சாசேஜைப் பொரித்தால் தோல் எப்போதும் நீளவாக்கில்தான் பிளக்கும். குறுக்கே வளையம் வளையமாக வெடிப்பதில்லை. உள்ளழுத்தம் தாங்கும் எந்த உருளையிலும், சுவரைச் சுற்றளவுத் திசையில் இழுக்கும் தகைவு, நீளத் திசையில் இழுக்கும் தகைவைப் போல் சரியாக இரண்டு மடங்கு. ஆகவே சுற்றளவில் இரண்டு பங்கும் நீளத்தில் ஒரு பங்கும் தாங்கும்படி இழை சாய்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால், குழாயின் அச்சிலிருந்து அளக்கப்படும் அந்தச் சாய்வின் டேன்ஜென்ட்டை வர்க்கப்படுத்தினால் 2 வரவேண்டும் என்று தெரிகிறது. அந்தக் கோணம் 54.7 பாகை.

இதே எண்ணுக்கு இன்னொரு வழியிலும் வந்து சேரலாம். எனக்கு அந்த வழிதான் இன்னும் அழகாகத் தோன்றுகிறது. நீளாத இழை ஒன்று குழாயை ஒருமுறை சுற்றி ஏறுவதாகக் கொள்ளுங்கள். இழை அச்சோடு ஒட்டினாற்போல் நேராக நின்றால் குழாய் நீளமாக இருக்கும், ஆனால் ஊசியாக மெலிந்துவிடும். உள்ளே கொள்ளளவு இல்லை. இழை படுத்து வட்டமாகிவிட்டால் குழாய் அகலமாகும், நீளம் இல்லை. அப்போதும் கொள்ளளவு இல்லை. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஏதோ ஒரு சாய்வில் கொள்ளளவு உச்சத்தைத் தொட்டாக வேண்டும். பள்ளிக்கூட வகைநுண்கணிதம் போதும், அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க. மறுபடியும் 54.7 பாகை! அழுத்தம் எப்போதும் கொள்ளளவைப் பெருக்கவே முயலும். ஏற்கெனவே உச்சக் கொள்ளளவில் பின்னப்பட்ட ஹோஸில் அந்த முயற்சிக்கு இடமே இல்லை. அது நீளாது, குறுகாது, பருக்காது. இழையே நீண்டு கொடுத்தால்தான் உண்டு.

பின்னலை வேண்டுமென்றே வேறு கோணத்தில் போட்டால் ஹோஸ் உயிர் வந்ததுபோல் நடந்துகொள்ளும். கோணம் 54.7ஐவிடக் குறைவாக இருந்தால், அழுத்தம் ஏறும்போது அது பருத்து, நீளத்தில் குறுகும். 1950களில் ஜோசப் மெக்கிப்பன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், போலியோவால் கை செயலிழந்த தம் மகளுக்காகக் காற்றில் இயங்கும் செயற்கைத் தசை ஒன்றை இப்படித்தான் உருவாக்கினார். காற்றை ஏற்றினால் தசை சுருங்கும், 54.7 பாகையை எட்டியதும் நின்றுவிடும். கடலில் வாழும் நாடாப் புழுக்களின் (குடலில் வாழும் நாடாப்புழு அல்ல, நெமர்டியன் என்ற வேறு இனம்) தோலிலும் இதே குறுக்குப் பின்னல் உண்டு. 1958இல் ஆர். பி. கிளார்க், ஜே. பி. கவி என்ற விலங்கியலாளர்கள், அந்தப் புழுக்கள் எவ்வளவு நீளலாம், எவ்வளவு சுருங்கலாம் என்பதை இந்தக் கொள்ளளவுக் கணக்கைக் கொண்டே விளக்கினார்கள்.

புழுவின் தோலை அளப்பதற்கெல்லாம் பொதுப்பணமா என்று கேட்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். சிங்கப்பூர் 2021 முதல் 2025 வரையிலான ஆய்வுத் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கியது. இத்தனை சிறிய நாடு அவ்வளவு செலவிடுவது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதில் ஒரு பங்கு, உடனடிப் பயன் எதையும் காட்ட முடியாத புழு ஆராய்ச்சி போன்றவற்றுக்கும் நிரந்தரமாகப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புழுவின் நெளிவையும் செயற்கைத் தசையின் இழுப்பையும் பிரேக் ஹோஸின் அசையாமையையும் விளக்குவது ஒரே சமன்பாடு. அது எந்தத் துறையில் முதலில் கைக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

ஜிம்னிக்கு வருவோம். ரப்பர் ஹோஸிலும் எஃகு ஹோஸிலும் பின்னல் ஏறத்தாழ இந்தக் கோணத்தையே ஒட்டியிருக்கும். மாறுவது இழை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலியெஸ்டர் இழையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பானது. உள்குழாயும் ரப்பருக்குப் பதில் டெஃப்ளானாக இருப்பதால் பின்னலின் இடுக்குகளில் பிதுங்குவது குறைவு.

எவ்வளவு லாபம் என்று பார்ப்போம். 3 மில்லிமீட்டர் துளையுள்ள சாதாரண ஹோஸ், 69 பார் அழுத்தத்தில் ஓர் அடி நீளத்துக்கு 0.66 மில்லிலிட்டருக்கு மேல் விரியக்கூடாது என்கிறது பிரேக் ஹோஸ்களுக்கான அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 தரநிலை. குறைந்த விரிவு வகைக்கு வரம்பு 0.33. வண்டியில் மொத்தம் நான்கு அடி ஹோஸ் இருப்பதாகவும், மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். சாதாரண ஹோஸ் வரம்பளவு விரிந்தால் பிஸ்டன் 7 மில்லிமீட்டர் வீணாக நகரும். மிதியின் நெம்புகோல் விகிதம் நான்கு என்றால் காலடியில் 28 மில்லிமீட்டர். குறைந்த விரிவு ஹோஸில் இது பாதி. கால் உணர்வது இந்த வேறுபாட்டைத்தான். மிதி தரையைத் தொடாத வரை, கடைசியில் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் அழுத்தம் இரண்டிலும் ஒன்றே, பிடிப்பும் ஒன்றே.

எஃகு என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பதும் சரியில்லை. அதே தரநிலை, அந்த அளவு ரப்பர் ஹோஸ் 480 பார் வரை வெடிக்கக்கூடாது என்கிறது. நல்ல ரப்பர் ஹோஸுக்கு வலிமைக் குறை கிடையாது. அதற்குப் பகை முதுமை.

அந்த முதுமை பெரும்பாலும் உள்ளே நடக்கிறது. உள்சுவர் உரிந்து மடல்போல் தொங்கினால் அது ஒருவழி வால்வாகிவிடும். மிதிக்கும் அழுத்தம் திரவத்தைத் தள்ளிவிடும். மிதியை விட்டபின் திரும்பி வருவதற்கு அவ்வளவு வலுவில்லை. ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோல் இருக்கும். வேலையின்போது ஹோஸை இடுக்கியால் நெரித்து வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது இந்தச் சேதத்தை விரைவுபடுத்துகிறது.

நம் ஊர்க் காற்று இன்னொரு தொல்லை. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்துக்கு மேல். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஹோஸின் ரப்பர் சுவர் வழியாகவும் நீராவி மெல்ல உள்ளே நுழைகிறது. டாட் 4 என்ற வகை பிரேக் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீத நீர் சேர்ந்தபின் தரநிலை கேட்பது 155தான். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடலாம். திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தரைவரை போய்விடும். டெஃப்ளான் உள்குழாய் ஈரத்தை இன்னும் நன்றாகத் தடுக்கும் என்றாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவதைக் கைவிடக்கூடாது.

ஆகவே வாசகர் முதலில் திரவத்தை மாற்றிக் காற்றை வெளியேற்றிப் பார்க்கட்டும். மெத்தென்ற மிதிக்குப் பல நேரங்களில் காரணம் உள்ளே தங்கிய காற்றுதான். ஹோஸ்கள் வண்டியோடு வந்தவை என்றால் எப்படியும் மாற்றியே தீர வேண்டும். புதிய ரப்பர் போட்டாலே லாபத்தில் பெரும்பங்கு கிடைத்துவிடும். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். எஃகுதான் வேண்டுமென்றால் தரநிலை முத்திரை அச்சிடப்பட்டதை மட்டும் வாங்குங்கள். அத்தகைய ஹோஸ் 35 மணி நேரம் சுழற்றி ஆட்டும் சோதனையில் தேறியிருக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வரும் முத்திரையற்ற சரக்கு என்ன சோதனையைக் கண்டது என்று அறிய வழியில்லை. பின்னலின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செம்மண் துகள்கள் கம்பிகளுக்கிடையே புகுந்து, ஒவ்வோர் அசைவிலும் டெஃப்ளானை அராவும். வாங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்ற விதிகளைப் பரிசோதனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாண்டு கடந்த காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு.

வண்டியை ஸ்பிரிங் மாற்றி உயர்த்தியிருந்தால் நீளமும் மாற வேண்டும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களை முழுவதுமாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு எல்லைகளுக்கும் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் விறைத்து நிற்கவோ டயரைத் தொடவோ கூடாது. ஒவ்வொரு மூட்டிலும் புதிய செம்பு வாஷர் போடச் சொல்லுங்கள்.