நாக்கு மரக்காத அக்கரகாரம்

சிறிய அளவில் சித்த மருந்து தயாரிக்கிறேன். 2020 கோடையில் கபசுரக் குடிநீர் கேட்டு வந்த கூட்டத்தை எங்கள் தொழிலில் யாரும் மறக்க மாட்டார்கள். அதில் சேரும் மூலிகைச் சரக்கு 15. அவற்றில் ஒன்றான கோஷ்டம் என்ற வேர் இமயமலைப் பக்கமிருந்து வர வேண்டும். ஊரடங்கில் லாரிகள் குறைந்தன, வியாபாரி சொன்னதுதான் விலை.

அப்போது எனக்கு ஒரு மூட்டை அக்கரகாரம் வந்தது. இதுவும் கபசுரத்தில் சேரும் வேர்தான். பார்வைக்குக் குறையில்லை. ஒரு துண்டை ஒடித்து மென்றேன். நல்ல வேராக இருந்தால் சற்று நேரத்தில் நாக்கு சுறுசுறுவென்று மரத்து, எச்சில் ஊறும். இது வைக்கோலை மென்றது போல இருந்தது. மூட்டையைத் திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம் கபசுரம் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கைமாற்று வாங்கினேன்.

அதே சமயம் கடன் வாங்கி அரைத்துக் குவித்த நண்பருக்கு, அலை ஓய்ந்ததும் பொடி அப்படியே தேங்கிவிட்டது. சூரணத்துக்கு, அதாவது பொடி மருந்துக்கு, ஆயுள் 3 மாதம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. லேபிளில் போடும் காலக்கெடு அதைவிட நீளம்தான். ஆனாலும் மணம் போன பொடியை வாங்கியவர் மறுபடி கடைப் பக்கம் வர மாட்டார். அதனால் சிறு தயாரிப்பாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சரக்கை இடிக்காமல் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள், தேவைக்கு மட்டும் இடியுங்கள்.

‘சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு’ என்பார்கள். சுக்கின் தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும். இரண்டிலும் கூலி ஆகும், எடையும் குறையும். பலர் வழுக்குவது இங்கேதான். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலைவிடக் கடுக்காய்ப் பொடி மலிவாகக் கிடைத்தால், கொட்டையும் சேர்ந்து அரைபட்டிருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அசோகப் பட்டை என்ற பெயரில் வேறு மரமான நெட்டிலிங்கத்தின் பட்டையை விற்பதும் பழைய கதை.

அப்புறம் விளம்பரம். சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்று எழுதுவதை மருந்து விளம்பரங்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படி எழுதிச் சம்பாதித்த பெயர் ஒரு நோட்டீஸில் போய்விடும்.

சென்னையில் 1944இல் வைத்தியர்களே கூடித் தொடங்கிய இம்காப்ஸ் கூட்டுறவு நிறுவனம் இன்றும் மருந்து தயாரிக்கிறது. தாங்கள் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து என்பதால் சரக்கில் கைவைக்க மனம் வராது என்று நான் நம்புகிறேன்.

அந்த மூன்று வாரத்தில் வெறுங்கையோடு திரும்பியவர்களில் ஒரு பெரியவர் இப்போதும் மாதாமாதம் திரிபலா வாங்க வருகிறார். பொடியை உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, முகர்ந்து பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்கிறார்.