சிவப்புக் குள்ளன் சாது என்று யார் சொன்னது?

சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனைத்தான் சிவப்புக் குள்ளன் என்கிறோம். இந்தத் தவணையும் அதைப் பற்றி ஒரு செயற்றிட்ட அறிக்கை வந்திருக்கிறது: "சிவப்புக் குள்ளன் குளிர்ந்த விண்மீன். ஆகவே அமைதியானது. ஆகவே அதன் கோளில் உயிர் வாழலாம்." கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு இந்த இரண்டு ஆகவேக்களையும் வெட்டி வெட்டியே கை ஓய்ந்துவிட்டது.

மேற்பரப்பின் வெப்பநிலை வேறு, விண்மீனின் குணம் வேறு. சூரியனுக்கு மிக அருகிலுள்ள சிவப்புக் குள்ளனான புரொக்சிமா சென்டோரியின் மேற்பரப்பு ஏறத்தாழ 3000 கெல்வின், சூரியனில் பாதி. சரி, குளிர்ந்ததுதான். அதற்கு மேலே நிறமண்டலம் என்ற சூடான வாயுப் படை இருக்கிறதே! அதைச் சூடாக்குவது காந்தப்புலம். காந்தப்புலத்தை வளர்ப்பது சுழற்சியும் உள்ளே நடக்கும் மேற்காவுகையும் (சூடான வாயு மேலெழுந்து, குளிர்ந்தது கீழிறங்குவது). சூரியத் திணிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விண்மீன்கள் மையம் வரை கொதித்துப் புரள்கின்றன. நிறத்தை மட்டும் பார்த்து எப்படி நற்சான்றிதழ் கொடுக்கிறீர்கள்? 2016 மார்ச்சில் இதே புரொக்சிமா ஒரு சுவாலையில், அதாவது காந்தப்புலம் கிளப்பும் திடீர் வெடிப்பில், ஏறத்தாழ 68 மடங்கு பிரகாசித்தது. அதன் கோளோ, பூமி சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் இருபதில் ஒரு பங்கில் சுற்றுகிறது. கோள் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். பிள்ளைகளின் அறிக்கைகளில் கோள் மட்டும் தவறாமல் இருக்கும்.

வேகமாகச் சுழன்றால் குழப்படி அதிகம் என்பது பொதுவாகச் சரி. 2.2 நாளில் ஒரு சுற்றுச் சுற்றும் ஏடி லியோனிஸ் என்ற சிவப்புக் குள்ளன் அடிக்கடி வெடிக்கும். வயதாக ஆகச் சுழற்சி தளரும். ஆனால் தளர்ந்ததெல்லாம் அடங்கிவிட்டது என்று எழுதாதீர்கள். புரொக்சிமாவுக்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் தேவை. அதைவிட மெதுவான கிழம் பர்னார்ட் விண்மீன் என்ற இன்னொரு சிவப்புக் குள்ளன். அதுவும் 1998இல் சுவாலை விட்டது.

(வைகாசி இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று தெற்கே கைகாட்டி "அதுதான் புரொக்சிமா" என்கிறவர்களுக்கு: அது அல்ஃபா சென்டோரி. சிவப்புக் குள்ளன் எதுவும் வழமையாக வெறுங்கண்ணுக்குத் தெரியாது. திருவாதிரையும் கேட்டையும் சிவப்புத்தான், ஆனால் அவை பெரும் பூதங்கள்.)

விண்மீன்களின் ஒளியை அளக்கும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவை இலவசமாக இறக்கிச் செயற்றிட்டம் செய்கிறவர்கள் கவனியுங்கள். வானின் ஒரு பகுதியை அது தொடர்ந்து பார்ப்பது ஏறத்தாழ 27 நாள்தான். மூன்று மாதச் சுழற்சியை அதற்குள் தேடாதீர்கள். ஒரு படப்புள்ளி 21 விகலை (ஒரு விகலை பாகையில் 3600இல் ஒரு பங்கு) அகலம், பக்கத்து விண்மீனின் ஒளியும் கலந்து வரும். நிறமாலை கிடைத்தால் நிறமண்டலத்தின் குழப்படியைக் காட்டும் ஐதரசன் ஆல்ஃபா என்ற சிவப்புக் கோட்டைப் பாருங்கள், ஒரே இரவோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள். அப்புறம், தயவுசெய்து, வரைபில் திடீரென்று மேலே துள்ளும் புள்ளிகளைப் பிழை என்று அழித்துவிட்டு வராதீர்கள் பிள்ளைகள். நான் கேட்ட சுவாலை அதுதான்.