வாங்கி வந்த முருகை நலமாக இருக்கிறதா?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க முருகை, அதாவது உயிருள்ள பவளம், வாங்கப் போனால், கடைத் தொட்டியின் நீல வெளிச்சத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வெளிறிப்போன முருகைகூடப் பச்சையும் செம்மஞ்சளுமாக மின்னும். அதன் உடலில் உள்ள ஒளிரும் புரதங்கள் நீல ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழ்கின்றன. உள்ளே குடியிருந்த அல்கா எனும் நுண்ணிய பாசி வெளியேறிய பிறகும் அந்தப் புரதங்கள் சில காலம் மிஞ்சியிருக்கும். ஆகவே காசு கொடுக்குமுன் நீல லைற்றை அணைக்கச் சொல்லி, வெள்ளை ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நிறத்தை விடுங்கள். தசை முடிந்து வெண்சுண்ணக் கூடு தொடங்கும் விளிம்புதான் உண்மையைச் சொல்லும்.

முருகை என்பது பொலிப்பு எனும் சிறு விலங்குகளின் கூட்டம். கல் முருகையில் இவை தாமே கட்டிய சுண்ணக் கூட்டின் மேல் மெல்லிய தசைப் போர்வையாகப் படர்ந்திருக்கும். தசைக் கலங்களுக்குள் வாழும் அல்கா ஒளித்தொகுப்பு செய்து, விலங்குக்குத் தேவையான சக்தியில் 90 வீதம் வரை கொடுக்கும். வெப்பமோ வெளிச்சமோ அளவு மீறினால் அல்காவின் ஒளித்தொகுப்புப் பொறிமுறை பழுதாகி, தாக்குதிறன் கூடிய ஒட்சிசன் சேர்மங்கள் கசியும். அந்த நஞ்சைத் தாங்கமுடியாத முருகை அல்காவை வெளியே தள்ளிவிடும். வெளிறல் என்பது இதுதான்.

வெளிறியது வேறு, செத்தது வேறு. வெளிறிய முருகையில் கண்ணாடி போன்ற தசை இன்னும் இருக்கும். ரோச் வெளிச்சத்தில் ஈரப் பளபளப்பும் குட்டிக் குட்டி உணர்கொம்புகளும் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நுண்ணிய இரை கொடுத்து, நைத்திரேற்று பூச்சியத்துக்கு இறங்காமல் 5 பி.பி.எம் (பத்து இலட்சத்தில் 5 பங்கு) அளவில் வைத்திருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அல்கா திரும்பப் பெருகக்கூடும். செத்த பகுதியில் கூட்டின் கூரான தகடுகள் வெறுமையாகத் துருத்தி நிற்கும். சில நாளில் பச்சைப் பாசி பிடித்துவிடும்.

மண்ணிறமான முருகையைப் பலர் நோயாளி என்று ஒதுக்குகிறார்கள். அது பெரும்பாலும் தவறு. வெளிச்சம் குறைந்த, போசணை கூடிய நீரில் அல்கா பெருகினால் முருகை மண்ணிறமாகும். அழகு குறைவு, உடல்நலம் நன்று. வெளிறிய இளநிறத் துண்டைவிட அதை வாங்குவதே புத்தி. வெள்ளை எல்லாமே ஆபத்தும் அல்ல. அக்ரோபோரா எனும் கிளை முருகையின் நுனியும் மொன்டிபோரா எனும் தட்டு முருகையின் ஓரமும் வெள்ளையாக இருந்தால் அது புது வளர்ச்சி. அல்கா அங்கே இன்னும் நிறையவில்லை. அடிப்பக்கத்திலிருந்து வெள்ளை ஏறிவந்தால்தான் தசை உரிகிறது என்று அர்த்தம். மெதுவாக உரிவது நாளுக்கு ஒரு மில்லிமீற்றராக ஏறலாம். வேகமாக உரிவது ஒரே இரவில் முழுத் துண்டையும் முடித்துவிடும். உயிருள்ள தசைக்குள் ஒரு சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி வெட்டி, நல்ல பகுதியைப் பிரித்தெடுப்பதைவிட நம்பகமான வைத்தியம் இதற்கு இல்லை.

தண்டின் நுனியில் தலைபோலப் பொலிப்பு விரியும் ஹமர், ரோர்ச் போன்ற யூபில்லியா வகை முருகைகளில் தலையை மட்டும் பார்க்காமல் தண்டையும் பாருங்கள். தசை கூட்டின் வாயோடு நின்றுவிடாமல் தண்டின் வெளிப்புறத்திலும் சற்றுக் கீழே இறங்கிப் போர்த்தியிருக்கவேண்டும். பொலிப்பின் வாய் சிறு கீறலாக மூடியிருக்கவேண்டும். ஆவென்று திறந்து கிடந்தால் அது களைத்துப்போயிருக்கிறது. தலைக்கு நடுவில் மண்ணிறக் கூழ் ஒன்று தொங்கி, நீரோட்டத்தில் ஆடி, எடுத்து முகர்ந்தால் அழுகல் நாற்றம் அடித்தால் அந்தத் துண்டை வாங்கவேண்டாம். அந்தக் கூழில் பிசிர் கொண்ட ஒருகல உயிரிகள் தசையை அரித்துத் தின்றுகொண்டிருக்கும். பிய்ந்து பறக்கும் துணுக்கு பக்கத்துத் தலையிலும் தொற்றும். வீட்டுத் தொட்டியில் கண்டால் பம்பை நிறுத்திவிட்டு மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வெளியே எடுத்து, நோயுள்ள தலையை வெட்டி அகற்றுங்கள்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பொலித்தீன் பையை அப்படியே 15–20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமப்படும். பை பூட்டியிருக்கும்வரை கரியமிலவாயு சேர்ந்து நீரின் பி.எச் இறங்கியிருக்கும், கழிவு அமோனியா அப்போது தீங்கு குறைந்த அமோனியமாக நிற்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச் ஏற, அதே அமோனியா நஞ்சாகும். அதனால் திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக நீர் சேர்க்கவேண்டாம். உவர்த்தன்மை வித்தியாசம் பெரிதானால் மட்டும் அரை மணி நேரம் அப்படிச் சேர்த்தால் போதும். பை நீர் ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது.

பிறகு குளிப்பு. ஒரு வாளியில் தொட்டி நீர் எடுத்து, அயடீன் சார்ந்த குளிப்பு மருந்தைப் போத்தலில் குறித்த அளவில் கலந்து, 5 முதல் 10 நிமிடம் முருகையை வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் இடுக்குகளில் நீரைப் பீச்சுங்கள். தட்டைப்புழுக்கள் உதிரும். ஆனால் அவற்றின் முட்டைகளை மருந்து கொல்லாது. அடிக்கட்டையில் மண்ணிற முட்டைக் கூட்டம் இருந்தால் கட்டையையே வெட்டி எறிந்து, வாரம் ஒருமுறை வீதம் சில வாரம் குளிப்பைத் தொடருங்கள். சோவாந்தஸ், பலிதோவா எனும் பொத்தான் முருகை வகைகளைத் தொடும்போது கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் கட்டாயம். இவற்றில் சிலவற்றில் பலிரொக்சின் எனும் கடும் நஞ்சு உண்டு. ஒட்டியிருக்கும் கல்லைச் சுடுநீரில் போடுவதோ அவிப்பதோ அந்த ஆவியைச் சுவாசிக்கும் வீட்டார் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடும்.

முதல் நாள் சுருங்கியிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். பொலிப்பு தன் உடற்குழிக்குள் நீரை நிரப்பித்தான் விரிகிறது. அதிர்ந்தால் நீரை வெளியே விட்டு ஒடுங்கும். அக்ரோபோரா சளி விடுவதும், கல் கூடு கட்டாத தோல் முருகை ஒரு வாரத்துக்கு மேலாகக்கூடச் சுருண்டு கிடந்து மெழுகுப் படலத்தை உரிப்பதும் வழமை. மங்கலான அடிப்பகுதியில் வைத்து, வெளிச்சத்தை இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். முதலாம், மூன்றாம், ஏழாம், பதினாலாம் நாட்களில் ஒரே கோணத்தில் வெள்ளை ஒளியில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணுக்குப் படாத இரண்டு மில்லிமீற்றர் இழப்பு படத்தில் தெரியும். மூன்று நான்கு நாள் கழித்து லைற்றை அணைத்த பின் உறைந்த இறாலைக் கரைத்துச் சிறு துளி விட்டுப் பாருங்கள். பெரிய பொலிப்பு வகைகள் சில நிமிடத்தில் உணர்கொம்பை நீட்டினால் செரிக்கும் வலு இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் யாழ்ப்பாணத்தில் முருகை சாவதற்கு நீரும் வெக்கையுமே பெரும்பாலும் காரணமாகின்றன. நீர் 25–27 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் மூடிய அறையில் 30ஐத் தாண்டும். நீர்மேல் வீசும் சிறு விசிறி இரண்டு மூன்று பாகை குறைக்கும். ஆனால் ஆவியாவது நன்னீர் மட்டுமே. 100 லீற்றர் தொட்டியில் 3 லீற்றர் குறைந்தால் ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உவர்த்தன்மை 36ஐத் தாண்டும். அந்தக் குறையைக் கிணற்று நீரால் நிரப்பாதீர்கள். குடாநாட்டுச் சுண்ணக்கல் நீரில் கல்சியமும் காரத்தன்மையும் கூடுதல். தோட்ட உரத்திலிருந்து நைத்திரேற்றும் ஊறியிருக்கும். குடிப்பதற்கு விற்கும் ஆர்.ஓ நீரையும் கரைந்த திண்மங்களை அளக்கும் ரீ.டி.எஸ் மீற்றரில் பாருங்கள். 0 காட்டாவிட்டால் அயன் நீக்கும் பிசின் வழியே விடவேண்டும். கடல்நீர் எடுப்பவர்கள் கடனீரேரியை விட்டுவிடுங்கள். கோடையில் உப்பேறி, மாரியில் நன்னீர் கலந்து அதன் உவர்த்தன்மை ஒரே அளவில் நிற்காது.

வாங்கும்போது வளர்ப்புத் துண்டா என்று கேளுங்கள். இலங்கைக் கடலில் உயிருள்ள கல் முருகையை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வந்த துண்டானால் கடைக்காரரிடம் இறக்குமதிப் பத்திரம் இருக்கவேண்டும்.

மின்வெட்டில் குளிரூட்டி நிற்பதைவிட நீரோட்டம் நிற்பதுதான் முதல் ஆபத்து. இருட்டில் அல்கா ஒட்சிசன் தராது, முருகையோ சுவாசித்துக்கொண்டே இருக்கும். அசையாத நீரில் தசையை ஒட்டிய படலத்தில் ஒட்சிசன் சீக்கிரம் தீர்ந்துவிடும். பயணத்தில் களைத்த புதுத் துண்டு அதை முதலில் உணரும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி, மின் நின்றதும் தானே ஓடும்படி முருகை வருமுன்பே பொருத்திவிடுங்கள்.