கேமராவுக்காக ரூட்டரில் போர்ட் திறப்பவர்கள் கவனத்துக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளிலும் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் சிசிடிவி, நெட்வொர்க் வேலை பார்த்துவரும் நான் அடிக்கடி காண்பது இது: வெளியூரிலிருந்து மொபைலில் கேமரா தெரிய வேண்டும் என்பதற்காக ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்துவிட்டு, கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டியான டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்பது போலத் தொடங்கும் தனி முகவரி உண்டு. வெளியுலகுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே முகவரிதான். உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் ஏற்பதில்லை. குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு (இணைப்பு வந்துசேரும் வாசலின் எண்) வருவதை மட்டும் டிவிஆருக்கு அனுப்பும்படி நாம் எழுதிவைக்கும் விதிவிலக்குதான் போர்ட் ஃபார்வர்டிங். அந்த வழியில் உரிமையாளர் மட்டுமல்ல, உலகில் யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம்.

"நம்ம பட்டறையை யாருங்க தேடி வரப் போறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. தேடி வருபவை மனிதர்கள் அல்ல, நிரல்கள். அவை ஊர் பார்ப்பதில்லை. ஒரு போர்ட்டை ஐபிவி4 (இணையத்தின் பழைய முகவரி முறை) இணையம் முழுவதிலும் முக்கால் மணி நேரத்தில் துழாவிவிடலாம் என்பதை 2013-இல் வெளிவந்த ஸீமேப் என்ற கருவி காட்டியது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டோடு கிடந்த டிவிஆர்களையும் கேமராக்களையும் ஏராளமாகக் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே அக்டோபர் 21 அன்று, தளப் பெயர்களுக்கு உரிய இணைய முகவரியைச் சொல்லும் டின் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களை முடக்கியது. எனவே பல டிவிஆர்களில் வழக்கமாக வரும் 8000 என்ற போர்ட் எண்ணை வேறொன்றாக மாற்றிவைப்பது பாதுகாப்பு ஆகாது. தட்டுபவர்களின் எண்ணிக்கையை வேண்டுமானால் சற்றுக் குறைக்கும்.

படம் விட்டுவிட்டு வருகிறது என்று ஒரு பட்டறையில் அழைத்தார்கள். ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால், டிஎம்இசட் என்ற கட்டத்தில் டிவிஆரின் முகவரி இருந்தது. ஒரு போர்ட்டுக்குப் பதிலாக அத்தனை போர்ட்டுகளையும் அதன் பக்கம் திருப்பிவிடும் வசதி அது. யாரும் கேமராவைப் பார்க்காத நேரத்திலும் அப்லோடு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியில் அச்சிட்டு வந்தவையே. வேலையைச் சீக்கிரம் முடிக்க யாரோ செய்த குறுக்குவழி அது. தயவுசெய்து எந்த டெக்னீஷியனையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

விதி சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையா? ரூட்டரில் காட்டும் வான் ஐபியை, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரியை, பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்திருக்கிறது என்று பொருள். மலையில் சிம் ரூட்டர் வைத்திருப்பவர்கள் இதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். அங்கே போர்ட்டை எத்தனை முறை திறந்தும் பயனில்லை. நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்க வேண்டும்.

திறந்தே ஆக வேண்டுமென்றால், முதலில் பாஸ்வேர்டை மாற்றி, டிவிஆரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, டிவிஆருக்கு மாறாத உள்முகவரியை ஒதுக்கி, தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறந்து, கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை அணைத்துவிடுங்கள். என் தேர்வு வேறு: ரூட்டரில் வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு வரும் மறைகுறியிட்ட தனிவழி) இருந்தால், டிவிஆருக்கென எந்தப் போர்ட்டையும் திறக்காமல், அதன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து கேமராவைப் பார்க்கலாம்; சரியான சாவி இல்லாதவருக்கு வயர்கார்டு பதிலே அனுப்பாது. எதைச் செய்தாலும், மொபைலில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் சோதித்துப் பாருங்கள். வீட்டு வைஃபையிலிருந்தே சோதித்தால் முடிவு தவறாகத் தெரியலாம்.