தள்ளுவண்டியை லாரியில் ஏற்றும் முன்: சாலையோர வியாபாரிகள் சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்தியச் சட்டம்; விதிகள் மாநில அரசுடையவை; செயல்படுத்த வேண்டியது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. பின்னணி இவ்வளவு போதும். இது அரசிடம் பணம் கேட்கும் திட்டம் இல்லை. ‘விற்க விடுங்கள், பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம்’ என்பதுதான் மொத்தச் சாரம். அதற்கே இத்தனை அலைச்சல்.

‘என்கிட்ட கார்டு இருக்கு’ என்று நிம்மதியாக இருப்பவர்கள், அது என்ன கார்டு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி கடனுக்காகக் கொடுத்த பரிந்துரைக் கடிதம் கடன் வாங்கத்தான். நிற்கும் இடத்துக்கு அது உரிமை தராது. வேண்டியது விற்பனைச் சான்றிதழ், அதோடு அடையாள அட்டை. சான்றிதழில் எந்த வகை போட்டிருக்கிறது என்றும் படியுங்கள். நாள் முழுக்க ஒரே மரத்தடியில் கடை போடுபவருக்கு ‘நடமாடும் வியாபாரி’ என்று விழுந்திருந்தால், பிறகு நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்று அதையே காட்டுவார்கள். வாங்கும்போதே திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

சான்றிதழுக்கு முன்னால் வருவது கணக்கெடுப்பு. குறைந்தது 5 ஆண்டுக்கு ஒரு முறை நகர விற்பனைக் குழு (வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்கும் குழு) மூலம் நடக்க வேண்டும். ஆட்கள் பகல் 11 மணிக்கு வருவார்கள். மாலை 6 மணிக்குக் கடை விரிக்கும் இட்லிக்கடைக்காரர் பட்டியலில் இருக்க மாட்டார். சரக்கு எடுக்கப் போனவர் கதையும் இதுதான். ‘லிஸ்ட்ல பேர் இல்ல, அடுத்த சர்வேயில பாக்கலாம்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவிலும், பட்டியலில் இல்லாதவருக்கும் சான்றிதழ் தரலாம் என்று பிரிவு 4 சொல்கிறது, இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து. தினசரி கட்டண ரசீது இருந்தால் ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை வருடமாக அங்கே கடை போடுகிறீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்து ‘இடம் ஃபுல்’ என்ற பதில். பகுதி மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் அளவு. ஃபுல் என்றால் குலுக்கல் நடத்த வேண்டும், விடுபட்டவருக்குப் பக்கத்து விற்பனை மண்டலத்தில் இடம் தர வேண்டும். ‘இது நோ வெண்டிங் ஜோன்’, அதாவது விற்பனைக்குத் தடைப் பகுதி என்றால் அந்த அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். காலங்காலமாகச் சந்தை கூடும் இடம் என்று கணக்கெடுப்பில் பதிவான பகுதியைத் தடைப் பகுதியாக்க முடியாது. கூட்டம் அதிகம் என்பதும் அதற்குக் காரணம் ஆகாது. ரயில்வே நிலம் மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. ஸ்டேஷன் வாசலில் நிற்பவர்கள் அது யாருடைய இடம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தகுதியில் பலர் வழுக்கி விழும் இடம் பிரிவு 5. வியாபாரத்தை நீங்களோ குடும்பத்தாரோதான் நடத்த வேண்டும், வேறு பிழைப்பு இருக்கக் கூடாது, இடத்தை வாடகைக்கு விடக் கூடாது என்று உறுதிமொழி தருகிறீர்கள். நாள் வாடகைக்கு இன்னொருவருக்கு விட்டது தெரிந்தால் சான்றிதழ் போகும். ஆனாலும் ரத்து செய்வதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்காமல் ரத்து செய்திருந்தால் உள்ளாட்சி அமைப்பில் மேல்முறையீடு செய்யுங்கள்.

இனி, கடையை அப்புறப்படுத்த வரும் லாரி. கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பது பிரிவு 3(3). அதற்குப் பிறகும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். நோட்டீஸ் கெடு முடிந்தும் நகராவிட்டால்தான் நாளுக்கு 250 ரூபாய் வரை அபராதம், பொருள் பறிமுதல் எல்லாம். ‘நேத்தே மைக்ல சொன்னோமே’ என்பது நோட்டீஸ் இல்லை.

பறிமுதல் செய்தால் அந்த இடத்திலேயே பட்டியல் கேளுங்கள், அதிகாரி கையெழுத்தோடு. ‘வண்டி 1, சாமான்கள்’ என்று எழுதினால் வாங்காதீர்கள். தராசு 1, கேஸ் சிலிண்டர் 1, தக்காளி 2 கிரேட் என்று எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வருவது வெறும் வண்டிதான். லாரியில் ஏற்றும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள். உரிய கட்டணத்தோடு கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை 2 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் அந்த 2 நாள் தொடங்கவே தொடங்காது. மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள்.

சீல் போட மறுத்தாலோ, மனு கிடப்பில் கிடந்தாலோ பிரிவு 20-இன் கீழ் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. தலைவர் சிவில் நீதிபதியாகவோ நீதித்துறை நடுவராகவோ இருந்தவர். அப்படி ஒரு குழு இருப்பதே கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி போடுங்கள்: எங்கள் ஊரில் கணக்கெடுப்பு எந்தத் தேதியில் முடிந்தது, எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடங்களுக்கு வியாபாரிகள் தேர்தல் எப்போது நடந்தது. 30 நாளில் பதில் வர வேண்டும். முதல் கேள்விக்கு ‘நடைபெற்று வருகிறது’ என்று வந்தால், அந்தத் தாளைப் பத்து நகல் எடுத்து உங்கள் வரிசையில் உள்ள எல்லாக் கடைக்காரர்களிடமும் கொடுத்து வையுங்கள். லாரி வரும்போது 3(3)-ஐயும் இதையும் சேர்த்துக் காட்டலாம்.